பாய்லருக்குள் இலாரி

பதில் சீக்கிரம் வந்துவிட்டது. அதுதான் கவ்ரிலாவுக்குப் பிடிக்கவில்லை.

சுத்தியலால் பாய்லரின் வயிற்றில் ஒரு தட்டுத் தட்டியிருந்தார். அந்தச் சத்தம் இரும்பில் ஓடி அடங்குவதற்குள் உள்ளேயிருந்து இரண்டு தட்டு வந்தது. டொக், டொக். இலாரி அப்படிப் பதில் சொல்கிற ஆள் இல்லை. வெளியே உட்கார்ந்திருப்பவனைக் காக்க வைப்பான். பாதி சிகரெட் கரையும்வரை காக்க வைத்துவிட்டு, பிச்சை போடுகிறவன் மாதிரி இரண்டு தட்டுவான். இந்தக் குளிர்காலம் முழுக்க அப்படித்தான் நடந்தது. இன்றைக்கு மட்டும் என்ன அவசரம்?

முக்காலியை அடுப்புப் பக்கம் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். அடுப்பு எரிந்தாலும் பிரயோஜனமில்லை. அந்த ரயில் எஞ்சின் ஷெட்டுக்குள் வெளியே இருப்பதைவிடக் குளிர் அதிகம். இத்தனை இரும்பும் இரவெல்லாம் குளிரைக் குடித்து வைத்துக்கொண்டு பகலில் அதை மெல்ல மெல்ல மூச்சாக விட்டுக்கொண்டிருக்கும். பழைய கரியும் உறைந்த எண்ணெயும் எலி மூத்திரமும் ஈரச் சாக்கும் கலந்த வாடை. தகரக் கூரையில் பனி கனத்து, எப்போதாவது ஒரு பாளம் வழுக்கி விழும்போது, யாரோ பெரிய போர்வையை உதறிப் போட்ட மாதிரிச் சத்தம்.

கோடையில் இந்தச் சின்ன எஞ்சின் ஊர்ப் பிள்ளைகளையும் வெளியூர்க்காரர்களையும் ஏற்றிக்கொண்டு ஆற்றோரமாக ஓடும். ஒரு காலத்தில் மலையிலிருந்து மரம் இழுத்தது. இப்போது மியூசியத்துச் சொத்து. குளிர்காலத்தில் அதைத் திறந்து, சுரண்டி, துடைத்து, மூடி வைக்க வேண்டும். சம்பளம் கிடையாது. ரயிலை நடத்தும் சங்கம் சூப்பும் அடுப்புக்கு விறகும் கொடுக்கும். வயசுப் பையன்கள் எல்லாம் இத்தாலியிலும் ஜெர்மனியிலும் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருக்கிறார்கள். இங்கே மிஞ்சியது கவ்ரிலா, இலாரி, டிக்கெட் அறையைப் பார்த்துக்கொள்ளும் ஜெனோவியா. வேறு நாதியில்லை.

இந்த வருஷம் பாய்லரின் குழாய்களையெல்லாம் உருவி எடுத்தாகிவிட்டது. மேலே இருக்கும் வாய் வழியாக ஒருத்தன் உள்ளே இறங்கி, படுத்தபடியே துருவையும் சுண்ணாம்புக் காரையையும் சுரண்ட வேண்டும். கவ்ரிலாவின் தோள் அந்த வாய்க்குள் போகாது. இலாரி ஒல்லிப்பிச்சான்; அவன்தான் போவான். வெளியே இருப்பவனுக்கு ஒரே வேலை. அடிக்கடி ஒரு தட்டுத் தட்ட வேண்டும்: இருக்கியா? உள்ளே இருப்பவன் இரண்டு தட்ட வேண்டும்: இருக்கேன். வாயால் கூப்பிட்டால் உள்ளே வெறும் இரைச்சல்தான் கேட்கும், காது போய்விடும் என்று அந்தக் காலத்திலிருந்தே இப்படி ஒரு முறை.

இன்னொரு முறையும் உண்டு. ஆள் இறங்குவதற்கு முன்னால், வெளியே இருப்பவன் கம்பியில் ஒரு மெழுகுவர்த்தியைக் கட்டி, ஏற்றி, உள்ளே இறக்கிப் பார்க்க வேண்டும். மூடிக் கிடந்த ஈர இரும்பில் துரு காற்றைத் தின்றுவிடும். சுடர் அணைந்தால் யாரும் இறங்கக் கூடாது.

பாதிரியார் ஆற்றுத் தண்ணீரை மந்திரித்துத் தெளிக்கும் பண்டிகைக்காக ஷெட் சில நாள் பூட்டிக் கிடந்தது. இன்றைக்குத்தான் திறந்தார்கள். காலையில் வரும்போது பனியில் இலாரியின் பூட்ஸ் தடத்தைப் பார்த்துவிட்டு, வாசலில் அவன் மூஞ்சியில் விழிக்க வேண்டாமென்று, மர ஆலையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக வந்தார் கவ்ரிலா. வந்து சேர்ந்தபோது இலாரியின் கோட்டு ஆணியில் தொங்கியது. ஏணி சாய்ந்திருந்தது. பாய்லரின் வாய் திறந்திருந்தது. உள்ளே விளக்கு வயர் இறங்கி, வாயைச் சுற்றி ஒரு மஞ்சள் வெளிச்சம் நின்றது. வெளியே இருக்கிறவனுக்காகக் காத்திருக்காமலே இறங்கிவிட்டான். திமிர். மெழுகுவர்த்தியை அவனே இறக்கிப் பார்த்திருப்பான் என்று நினைத்துக்கொண்டார். கேட்கவில்லை. கேட்பதென்றால் பேச வேண்டும்.

பேசி ஐந்தாறு மாதம் ஆகிறது.

போன ஆகஸ்டில் கடைசி வளைவில் ஒரு வைக்கோல் வண்டி தண்டவாளத்தின் குறுக்கே நின்றது. கவ்ரிலா எஞ்சினை நிறுத்தினார். கொஞ்சம் தாமதம்தான். குதிரைக்கு ஒன்றும் ஆகவில்லை, வண்டிச் சக்கரம் ஒன்று நொறுங்கியது, அவ்வளவுதான். ஆனால் பக்கத்தில் நின்று அடுப்புக்கு விறகு போட்டுக்கொண்டிருந்த இலாரி, சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று, இவருக்குக் கண் தெரியவில்லை, நான் கத்தின பிறகுதான் நிறுத்தினார் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான். எஞ்சினை ஓட்டும் கைப்பிடி கவ்ரிலாவிடமிருந்து போய்விட்டது. மே மாதம் முதல் ஓட்டத்தில் அங்கே நிற்கப்போவது இலாரி. அவன் வாயைத் திறந்து, நான் சொன்னது பொய் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கைப்பிடி திரும்பி வரும். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் கவ்ரிலா தினமும் வந்து இந்த முக்காலியில் உட்கார்கிறார். பெண்டாட்டி கல்லறையில். மகன் இத்தாலியில், தோரினோவில்; ஈஸ்டருக்கு ஈஸ்டர் போன். அந்தக் கைப்பிடியை விட்டால் அவருக்கென்று என்ன இருக்கிறது?

மறுபடி ஒரு தட்டுத் தட்டினார்.

டொக், டொக்.

உடனே. காதை இரும்பிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தவன் மாதிரி.

சுரண்டும் சத்தம் இல்லை என்பது அதற்குப் பிறகுதான் அவருக்கு உறைத்தது. வழக்கமாகப் பல்லைக் கூசவைக்கும் சத்தம் அது. கர், கர் என்று நாள் முழுக்கக் கேட்டு, வீட்டுக்குப் போய்ப் படுத்தாலும் தலையணைக்குள் கேட்கும். இன்றைக்கு ஒன்றுமில்லை. வாயைச் சுற்றியிருந்த மஞ்சள் வெளிச்சத்தில் ஒரு நிழல்கூட அசையவில்லை. தூங்குகிறான் களவாணி, என்று நினைத்தார். உள்ளே சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டு, நான் தட்டும்போது மட்டும் பதில் சொல்கிறான். வேலை கெட்டால் கெடட்டும். நான் ஏன் கேட்க வேண்டும்?

மத்தியானம் ஜெனோவியா சூப்புத் தூக்குச்சட்டியோடு வந்தாள். அம்பதைத் தாண்டிய விதவை. தலைத்துணியில் பனி, மூக்கு நுனி சிவப்பு. அடுப்பின் மேல் தூக்குச்சட்டியை வைத்துவிட்டு, துணியில் சுற்றிய மக்காச்சோளக் களியைப் பிரித்தாள்.

"இன்னும் பேச்சு வார்த்தை இல்லையாண்ணே? நாப்பது வருஷம் குடித்தனம் பண்ணின புருஷன் பொண்டாட்டிகூட உங்க ரெண்டு பேருகிட்டத் தோத்துப் போவணும்."

"சூப்பை வெச்சுட்டுப் போ."

"அவரைக் கூப்புடுங்க. ஆறிப்போச்சுன்னா என்னையத்தான் திட்டுவாரு."

"உனக்குத்தான் வாய் நீளமாச்சே. நீயே கூப்புடு."

அவள் சிரித்தபடி கரண்டிக் காம்பால் பாய்லரில் ஒரு தட்டுத் தட்டினாள். உடனே வந்தது. டொக், டொக்.

"பாத்தீங்களா, எனக்கு எவ்வளவு மரியாதையாப் பதில் சொல்றாரு. பொண்டாட்டி காலையில எதாச்சும் நல்லதா ஆக்கிப் போட்டிருப்பா."

வருவார், அதுவரை சூப்பை மூடி வையுங்கள் என்று சொல்லிவிட்டு, ரயில் பெட்டிகளின் கூரையில் சேர்ந்த பனியைத் தள்ளப் போய்விட்டாள். அவளுடைய மண்வெட்டிச் சத்தம் ஷெட்டின் மறுகோடிக்கு அப்பால் மங்கிக் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

இலாரி வரவில்லை. கிண்ணத்தில் ஊற்றி வைத்திருந்த புளிச்ச சூப்பின் மேல் கொழுப்பு வெள்ளையாக உறைந்து, அதன்மேல் கரித்தூள் ஒன்று விழுந்து அப்படியே நின்றது. கவ்ரிலா தன் பங்கைக் குடித்தார். சட்டைப் பைக்குள் இருந்த பிளம் சாராயத்தையும் இரண்டு மடக்குக் குடித்தார். ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் பழுப்பேறத் தொடங்கியது. அந்தப் பள்ளத்தாக்கில் ஜனவரிப் பகல் என்பது சும்மா பேருக்குத்தான். மலை நிழல் இந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்தால் போதும், முடிந்துவிடும்.

சாராயம் நெஞ்சில் சூடாக இறங்கியது. அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. பேசினால்தானே தோல்வி? இரும்போடு பேசினால் யாருக்குத் தெரியும்? எழுந்து போய், நெற்றியைப் பாய்லரின் மேல் வைத்தார். குளிர் தோலைக் கவ்வியது. உதடு இரும்பில் படாமல், தனக்கே கேட்காத குரலில் சொன்னார்:

"வைக்கோல் வண்டி விஷயத்துல நீ சொன்னது பொய்தானே?"

டொக், டொக்.

கேட்டுவிட்டானா? இத்தனை மெதுவாகச் சொன்னது எப்படிக் கேட்கும்? அதைப் பற்றி யோசிக்க அவருக்கு மனசில்லை. ஐந்தாறு மாதமாகத் தொண்டையில் மாட்டிக்கொண்டிருந்த எலும்பு இறங்கின மாதிரி இருந்தது.

"என் கண்ணுல ஒரு கோளாறும் இல்ல."

டொக், டொக்.

"மே மாசம் கைப்பிடி எனக்குத்தான். கூட்டத்துல நீயே எந்திரிச்சுச் சொல்லுவ."

டொக், டொக்.

கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. துடைத்துக்கொண்டார். பயலுக்குப் புத்தி வந்துவிட்டது. நேரில் சொல்ல வெட்கம், அதனால்தான் சாப்பிடக்கூட வெளியே வராமல் உள்ளேயே கிடக்கிறான். போகட்டும். வெளியே வரும்போது ஒரு மடக்குச் சாராயம் கொடுக்கலாம் என்றுகூட நினைத்தார்.

ஆனால் கவ்ரிலா யாரையும் சுலபமாக நம்புகிறவர் இல்லை. பெட்டிக்கடைக்காரன் மீதிச் சில்லறையைச் சரியாகக் கொடுத்தால்கூட இவன் எதற்காகச் சரியாகக் கொடுக்கிறான் என்று யோசிக்கிறவர். இலாரி தன் வாழ்நாளில் எதற்கும் ஆமாம் சொன்னதில்லை. இன்றைக்குப் பனி பெய்யும் என்றால் பெய்யாது என்பான். பெய்துகொண்டிருக்கும்போது சொன்னாலும் அது பனியே இல்லை என்பான். அவனா இப்படி அடுக்கடுக்காக ஆமாம் போடுகிறான்?

நெற்றியை மறுபடி இரும்பில் வைத்தார்.

"அப்ப நான்தான் பொய் சொன்னேனா?"

டொக், டொக்.

"எனக்குக் கண்ணு தெரியலையா?"

டொக், டொக்.

அதே வேகம். அதே கனம். இதற்கும் ஆமாம், அதற்கும் ஆமாம்.

நெற்றியை எடுத்தார். இரும்பில் அவர் தோல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு உரிந்தது. வலி தெரியவில்லை. அடுப்பில் ஒரு விறகு சரிந்து விழுந்தது. கூரையில் பனி நகரும் சத்தம். மறுகோடியில் ஜெனோவியா இருக்கிற அடையாளமே இல்லை.

"இலாரி," என்றார். இந்தத் தடவை வாய்விட்டு. அந்தப் பேரைச் சொல்லி எத்தனையோ நாளாகியிருந்தது. "நீதானா?"

ஒன்றுமில்லை.

முதல் தடவையாக ஒன்றுமில்லை. அவர் நின்றார். தன் மூச்சு புகையாகப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

பிறகு ஒரு தட்டு. பாய்லரின் நடுவிலிருந்து இல்லை. பின்னாலிருந்து. எஞ்சினின் விறகு எரியும் நெருப்புப் பெட்டியின் ஓரத்திலிருந்து. அங்கே இரண்டு தகட்டுக்கு நடுவில் உள்ள சந்து உள்ளங்கை அகலம்தான். முன்பு ஒரு தடவை பூனைக்குட்டி சிக்கிச் செத்த இடம். மனுஷன் கைகூட முழுசாக நுழையாது.

டொக்.

ஒன்று. ஒரே ஒன்று.

அது உள்ளே இருப்பவனின் பதில் இல்லை. வெளியே இருப்பவன் கேட்கிற கேள்வி.

கவ்ரிலா பதில் தட்டவில்லை. ஏணியில் ஏறினார். மேல்படியில் கை எதிலோ இடித்தது. மெழுகுவர்த்தி. கம்பியில் கட்டி, தயாராக. பக்கத்தில் தீப்பெட்டி. திரி வெள்ளையாக இருந்தது. புதுத் திரி. நெருப்பே காணாதது.

வெளியே இருக்கிறவன் வந்து இறக்குவான் என்று எடுத்து வைத்திருக்கிறான். வெளியே இருக்கிறவன் வரவில்லை. வா என்று கூப்பிடுவதென்றால் பேச வேண்டும்.

குனிந்து பார்த்தார்.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இலாரி ஒருக்களித்துப் படுத்திருந்தான். முழங்கால் மடங்கி. குளிருக்குச் செய்வது போல இரண்டு கையும் கக்கத்துக்குள். கண் திறந்திருந்தது. மீசையில் பனித்துகள். கண்ணிமையில் பனித்துகள். அது உருகவில்லை. எதுவுமே அதை உருக்கவில்லை, காலையிலிருந்து. அவனுடைய சுத்தியல் உள்ளே இல்லை. மேல்படியில், மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில், கவ்ரிலாவின் முழங்கைக்குக் கீழே கிடந்தது.

பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. ஜெனோவியா ஓடிப்போய் மர ஆலையிலிருந்து இரண்டு ஆட்களைக் கூட்டி வந்தாள். கயிறு கட்டி இழுத்தார்கள். விறைத்துப்போன உடம்பு அந்த வாயில் மாட்டிக்கொண்டு வர மறுத்தது. தோளைத் திருப்பித் திருப்பி, இறக்கி, மறுபடி ஏற்றி, ஒருவழியாக வெளியே எடுத்தார்கள். மரம் அறுக்கும் இரண்டு குதிரைக்கட்டைமேல் பலகை போட்டு அதில் கிடத்தினார்கள். ஜெனோவியா சிலுவை போட்டுக்கொண்டே இருந்தாள். கையில் எரியும் மெழுகுவர்த்தி இல்லாமல் சாவது அந்த ஊரில் பகைவனுக்கும் வரக் கூடாத சாவு. அப்படிப் போனவன் இருட்டிலேயே நிற்பான் என்பார்கள்.

"காலையிலயே போயிருக்கணும்," என்றான் ஆலைக்காரர்களில் மூத்தவன். "கட்டையா இருக்கு பாரு."

"மத்தியானம் எனக்குப் பதில் தட்டினாரே," என்றாள் ஜெனோவியா. சொல்லிவிட்டு கவ்ரிலாவைப் பார்த்தாள். கொஞ்சம் கழித்து, வேறு பக்கம் பார்த்தபடி கேட்டாள்: "மெழுகுவத்தி எறக்கிப் பாத்தீங்களாண்ணே?"

"அவன் பாத்திருப்பான்."

அவள் தலையாட்டினாள். நம்பினாள் என்று சொல்ல முடியாது.

மடங்கிக் கிடந்த கைகளை அவளே நிமிர்த்தி மார்பின்மேல் வைத்து நூலால் கட்டினாள். இலாரியின் கோட்டை எடுத்து முகம் வரை மூடினாள். பாய்லரின் வாயை மூடச் சொன்னார் கவ்ரிலா. ஆலைக்காரர்கள் மூடியைப் போட்டு நட்டை இறுக்கினார்கள். பனியில் வண்டி வராது. ஆட்கள் சறுக்குவண்டி கொண்டுவரவும் டாக்டருக்குச் சொல்லவும் போனார்கள். ஜெனோவியா இலாரியின் பெண்டாட்டிக்குச் சொல்லப் போனாள். பிணத்தைத் தனியாக விடக் கூடாது. யாராவது இருக்க வேண்டும். யார் இருப்பது என்று யாரும் பேசவில்லை. எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டு போனார்கள், கவ்ரிலா இருந்தார்.

ஜன்னல் கறுத்துவிட்டது. அந்த மெழுகுவர்த்தியைக் கம்பியிலிருந்து பிரித்து, ஏற்றி, தலைமாட்டில் ஒட்டவைத்தார். அடுப்பில் விறகு போடத் தோன்றவில்லை. முக்காலியைப் பலகைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோட்டின் மேல் இலாரியின் வியர்வை வாடை இன்னும் இருந்தது. மலிவான சிகரெட் வாடையும்.

பிறகு, யாரும் இல்லை என்பதால், சொல்ல முடிந்தது.

"எனக்கு வண்டி தெரியல. நீ கத்தினப்பகூடத் தெரியல. குதிரை கனைச்சுத்தான் தெரிஞ்சுது." கோட்டின் ஓரத்தை நேராக இழுத்துவிட்டார். "நீ சொன்னது நெசந்தான், போடா."

செத்தவன் ஒன்றும் சொல்லவில்லை. மெழுகு உருகி வழிந்தது. அந்த அமைதி கவ்ரிலாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

பாய்லருக்குள்ளிருந்து ஒரு தட்டு வந்தது.

நட்டு இறுக்கிய மூடி. உள்ளே யாருமில்லை. டொக். இருக்கியா?

கவ்ரிலா அசையவில்லை.

டொக்.

கோட்டுக்குக் கீழே ஏதோ இழுபட்டது. நூல் அறுந்த சத்தம். மெல்லிய, சின்னச் சத்தம். கோட்டின் ஓரம் சரிந்தது. ஒரு கை வெளியே நழுவி வந்து, விரல் முட்டி பலகையில் பட நின்றது. நகம் நீலமாக இருந்தது. வெகுநேரம் அது அப்படியே கிடந்தது.

பிறகு பலகையில் தட்டியது. ஒன்று. இன்னொன்று.

சுடர் நேராக நின்று எரிந்தது. காற்றே இல்லை. கவ்ரிலா எழுந்திருக்கப் பார்த்தார். கதவு ரொம்ப தூரத்தில் இருந்தது. கால் தன்னுடையதாக இல்லை.

பாய்லர் மறுபடி கேட்டது. டொக்.

பலகைமேல் இருந்த கை அசையவில்லை. அது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டது.

டொக்.

கொஞ்சம் பொறுத்து, இன்னும் கிட்டத்தில். டொக்.

கவ்ரிலா தன் வலது கையை இடது கையால் மணிக்கட்டோடு சேர்த்து இறுகப் பிடித்துக்கொண்டார். மார்போடு அழுத்திக்கொண்டார். பல்லைக் கடித்துக்கொண்டார். பிடிக்குள்ளேயே அந்தக் கை மெல்ல மடங்கி, அவரைக் கேட்காமல், விரல் முட்டியால் பலகையைத் தேடிக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.